அரமின்டாவும் அனுமதி கேட்ட நிரலும்

வென்டாகெமாடா என்ற மலையூரில் ஒருவரைப் பற்றி மோசமாகச் சொல்ல வேண்டுமென்றால் திருடன், குடிகாரன் என்று சொல்வதில்லை. வணக்கம் சொல்லாத ஆள் என்பார்கள். குடிகாரன்கூடக் காலையில் வணக்கம் சொல்லிவிட்டால் பாதி மன்னிப்பு கிடைத்துவிடும். அரமின்டா சிச்சகாவுக்கு அந்தப் பாதியும் கிடைத்ததில்லை.

பக்கத்து நகரமான துன்ஹாவில் பொறியியல் படித்தவர்; உருளைக்கிழங்கு உழவர் சங்கத்தின் கணினிகள் எல்லாம் அவர் பொறுப்பு. காலையில் உள்ளே நுழைந்தால் யார் முகத்தையும் பார்க்காமல் நேரே நாற்காலிக்குப் போவார்.

"மழை மாதிரி வந்து உக்காந்துட்டாங்க பாருங்க," என்பார் அலுவலகத்தில் கடிதப் போக்குவரத்தைக் கவனிக்கும் ஒப்துலியா.

"மழையாவது இடிச்சுட்டு வரும்," என்பார் சங்கத் தலைவர் தோன் குஸ்தோதியோ. பெரியவர்கள் பெயருக்கு முன்னால் தோன் போடுவது அங்கே மரியாதை.

இத்தனைக்கும் ஊரில் எந்த வீட்டு அம்மாவுக்கு எந்த மாத்திரை என்பது அரமின்டாவுக்குத்தான் தெரியும். துன்ஹாவிலிருந்து வாங்கி வருகிறவர் அவர்தான். கதவைத் தட்டுவார், பொட்டலத்தை நீட்டுவார், திரும்பிவிடுவார். நலம் விசாரிக்க மாட்டார்; நலமாக இருக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டுப் போவார். ஊர் முதலாவதை மட்டும்தான் கணக்கில் வைத்தது.

சங்கத்தின் உறைபனி எச்சரிக்கையைப் பல வருடங்களாகப் பார்த்துக்கொண்டவர் தோன் பெலார்மினோ திபாதுயிசா, ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர். பெர்ல் என்ற பழைய கணினி மொழியில் அவர் எழுதிய நிரலுக்கு எந்தச் சரிவில் குளிர் முதலில் இறங்கும், எந்தப் பள்ளத்தில் தேங்கும் என்பதெல்லாம் தெரியும். மதியம் வெல்லத் தண்ணீரை வைத்துக்கொண்டு அதன் முன் உட்காருவார். பனி விழும் என்று அது சொன்னால் உழவர்களின் கைப்பேசிகளுக்குச் செய்தி போகும். மாலை ஐந்து மணிக்குள் போனால்தான் பயன். தொட்டியில் நீர் நிரப்பவும் ஈர வைக்கோல் சேர்த்துப் புகைமூட்டம் போடவும் அதற்குமேல் நேரமில்லை.

அந்த ஜனவரியில் அவர் புகாரமாங்காவில் இருக்கும் மகள் வீட்டுக்கே குடிபோக முடிவு செய்தார். ஆளே இல்லாமல் எச்சரிக்கை போக வேண்டும் என்றது நிர்வாகக் குழு. போகும் என்றார் அரமின்டா. வெப்பமானி, காற்றுமானிகளிலிருந்து எண்களைச் சேகரிப்பது, செய்தி அனுப்புவது எல்லாவற்றையும் அவர் ஏற்கெனவே பைத்தான் என்ற புதிய மொழியில் எழுதியிருந்தார். நடுவிலிருந்த பழைய நிரலை மட்டும் தொட முடியாது. "ஒரு வரியில கை வெச்சாலும் பஸ்ஸுலேர்ந்து இறங்கி வந்துடுவேன்" என்பது தோன் பெலார்மினோவின் நிபந்தனை. ஆகவே தொடாமலே, தன் பைத்தான் நிரலுக்குள்ளிருந்து பெர்ல் நிரலை அழைத்து, எண்களைக் கொடுத்து, அது சொல்லும் பதிலை வாங்கிக்கொள்ளும்படி செய்தார். தன் மேசையில் ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தார். ஒருமுறைகூடப் பிசகவில்லை.

தோன் பெலார்மினோ பஸ் ஏறிய அன்று, மதியம் இரண்டு மணிக்குப் பைத்தான் நிரல் முதன்முறையாகத் தானே கிளம்பி பெர்ல் நிரலை அழைத்தது. அதன்பின் ஒன்றும் நடக்கவில்லை. பிழை என்றும் வரவில்லை, பதிலும் வரவில்லை. மூன்று மணி ஆயிற்று. பூத்து நிற்கும் கிழங்குச் செடிக்கு ஒரே ஒரு பனி இரவு போதும், காலையில் கறுத்துவிடும்.

"இஞ்சினியரம்மா, செய்தி போயிடுச்சா?" குஸ்தோதியோ எட்டிப் பார்த்தார்.

"இல்ல."

"போயிடுமா?"

"நீங்க போனா போகும்."

அவர் போனார். அரமின்டா முதன்முறையாகப் பழைய நிரலின் வரிகளைத் திறந்து படித்தார். தொடத்தான் தடை, படிக்கத் தடை இல்லை. ஆனாலும் அதுவரை அவருக்கு அது தோன்றவில்லை. முதல் வேலையாக நிரல் வணக்கம் சொன்னது. அடுத்து, உள்ளே வரலாமா என்று அனுமதி கேட்டது. மூன்றாவதாக, தாங்கள் வானத்தைப் பார்த்தீர்களா, தெளிவா மேகமா என்று கேட்டது. பதில் வராவிட்டால் கோபித்துக்கொள்ளாமல் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. மதியம் இரண்டு மணியிலிருந்து அது பைத்தான் நிரலுக்கு வணக்கம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. ஒரு நிரலை இன்னொன்று அழைத்தால் அழைக்கப்பட்டது பேசுவதெல்லாம் அழைத்ததன் காதுக்கு மட்டுமே போகும். அதனால் திரையில் எதுவும் தெரியவில்லை.

அப்படியானால் ஒரு வாரம் எப்படி ஓடியது? அரமின்டாவுக்குப் பொறுமை கிடையாது. திரை சற்று நின்றால் என்டரைத் தட்டுவார், மறுபடி தட்டுவார். அந்தத் தட்டலைப் பழைய நிரல் தன் கேள்விகளுக்கு மரியாதையான பதிலாக எடுத்துக்கொண்டுவிட்டது. இன்று பொறுமையிழக்க ஆளில்லை.

பஸ்ஸில் இருந்தவரைக் கைப்பேசியில் பிடித்தார்.

"தோன் பெலார்மினோ, வானத்தைப் பத்தின கேள்வி எதுக்கு?"

"வணக்கம் சுமர்ஸே. பொழுது எப்படி விடிஞ்சுது?" சுமர்ஸே என்பது அந்த மலைப்பக்கத்துத் 'தாங்கள்'.

"விடிஞ்சு, மதியமும் மூணு மணியாச்சு. கேள்வி எதுக்கு?"

"அம்மாவுக்கு முட்டி தேவலையா?"

"தேவலை. உங்க மக, மருமகன், பேரப்பிள்ளைங்க எல்லாரும் நல்லா இருக்கட்டும். வானம்!"

"நம்ம மானிகளுக்கு வெப்பம் தெரியும், காத்து தெரியும். மேகம் தெரியுமா? மேகம் மூடினா பனி இறங்காது, வானம் தெளிஞ்சா இறங்கும். யாராவது ஏறெடுத்துப் பாத்துத்தானே ஆகணும்."

"அதுக்கு வணக்கம், அனுமதி எல்லாம் எதுக்கு?"

"எடுத்ததும் ஒருத்தர்கிட்ட கேள்வியா கேப்பாங்க? மெஷினா இருந்தா என்ன, வளத்தது நானில்ல?"

"நான் வெறும் என்டர்தான் தட்டுனேன்."

"அப்ப தெளிவுன்னு எடுத்துக்கும். ஒண்ணும் சொல்லலைன்னா குறையில்லைன்னுதானே அர்த்தம்."

அரமின்டா முற்றத்துக்கு வந்தார். தலைக்கு மேலே சுத்தமான நீலம். மேட்டுப் புல்வெளிப் பக்கம் மட்டும் ஒரு மேகப் பட்டை. மேகம் என்று சொல்லி அது கலைந்துவிட்டால் ஊர் முழுக்கப் பூ கருகும். தெளிவு என்று சொல்லி அது மூடிக்கொண்டால் ஊரே விடிய விடிய நீர் இறைக்க வீணாக டீசலைக் கொளுத்தும், அடுத்த எச்சரிக்கையை ஒருவரும் நம்ப மாட்டார்கள்.

"மேகம்தான். ராத்திரி போர்வை மாதிரி மூடிக்கும்," என்றார் குஸ்தோதியோ.

"போர்வையா? கைக்குட்டை அளவுகூட இல்ல," என்றார் ஒப்துலியா. "கொடியில பாருங்க, துணி ஒண்ணாவது அசையுதா? காத்தே இல்லாம அது எப்படி இங்க வரும்?"

அரமின்டா துணியைப் பார்த்தார், மேகத்தைப் பார்த்தார். உள்ளே போய், ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டுப் பழைய நிரலைத் தன் கையாலேயே ஓட்டினார். வணக்கத்துக்கு வணக்கம் என்று முழுதாக எழுதினார். உள்ளே வாருங்கள் என்று எழுதினார். தெளிவு என்று எழுதினார். பனி விழும் என்றது நிரல். அந்தப் பதிலை வைத்து அவரே நாலரை மணிக்குச் செய்தியை அனுப்பிவிட்டார்.

விடியலில் பள்ளங்களெல்லாம் வெள்ளையாக இருந்தன. நீர் தெளித்தவர்கள், புகை போட்டவர்கள் தோட்டங்களில் பெரும்பாலும் பூ நின்றது. போர்வையை நம்பிப் படுத்துவிட்ட தலைவரின் கீழ்த்தோட்டம் கறுத்துவிட்டது. தலைவருக்கும் செய்தி வந்திருந்தது. அவர் வானத்தைத்தான் நம்பினார்.

அரமின்டா பெர்ல் நிரலில் ஒரு வரியையும் மாற்றவில்லை. வணக்கத்துக்கும் அனுமதிக்கும் பைத்தான் நிரலே பதில் சொல்லும்படி எழுதினார். உருப்படியாக அதற்கு மரியாதை கற்றுக்கொடுத்தார். மூன்றாம் கேள்வியை மட்டும் அது அவருடைய கைப்பேசிக்கு அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கும்.

நிர்வாகக் குழுவில் குஸ்தோதியோ எழுந்தார். கீழ்த்தோட்டத்துக் கோபம் இன்னும் ஆறவில்லை. "ஆளே இல்லாம ஓடும்னீங்களே இஞ்சினியரம்மா?"

"ஓடும். முற்றத்துல நான் நிப்பேன்."

மறுநாள் மதியம் கேள்வி வந்ததும் அவர் வெளியே போய் மேலே பார்த்தார். முழு வானமும் மூடியிருந்தது. மேகம் என்று எழுதினார். அன்று எச்சரிக்கை போகவில்லை, பனியும் விழவில்லை.