பக்கம் புரட்டுகிறவர்

புதன்கிழமை மதியங்களில் என் அலுவலகத்துக்கு எதிரே இருக்கும் தேவாலயத்தில் இலவசப் பியானோ கச்சேரி நடக்கும். முந்நூறு வருஷத்துக்கு முந்தைய ஐரோப்பிய இசை. இசைக்காகப் போனேன் என்றால் பொய். வெளியே ஆக்லாந்து மழை, உள்ளே ஹீட்டர். பாதி நாள் தூங்கியிருக்கிறேன்.

வாசிப்பவருக்கு இடப்பக்கம் கறுப்பு உடையில் ஒரு பெண்மணி உட்கார்ந்திருப்பார். இசைத்தாளில் ஒரு பக்கம் முடியும்போது எழுந்து, இடது கையால் புரட்டிவிட்டு உட்காருவார். கைதட்டலுக்கு நிமிரவே மாட்டார். எல்லாம் முடிந்ததும் வாசலில் நின்று, கைப்பையிலிருந்து வளையல்களை எடுத்து ஒவ்வொன்றாக மாட்டிக்கொள்வார். தமிழர் என்று பட்டது. ஒருநாள் பேச்சுக் கொடுத்தேன்.

"கொடுத்து வச்சவங்க அக்கா நீங்க. மேடையிலயே உக்காந்து கேக்குறீங்க."

"நான் கேக்கிறேல்லைத் தம்பி. கேட்டா மயங்கிப்போய்ப் பக்கத்தை விட்டிடுவன். அவர் வாசிக்கிறதுக்கு ஒரு வரி முன்னால என்ர கண் நிக்கவேணும்."

"ஒருநாள் கீழ வந்து கேளுங்களேன்."

"ஓம், பாப்பம்."

அடுத்த வாரம் மேடையில் வேறொருவர் பக்கம் புரட்டினார். அக்கா வளையல்களோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். வாசிப்புத் தொடங்கியதும் கண்ணை மூடிக்கொண்டார். சற்று நேரத்தில் வளையல் குலுங்கும் சத்தம். அவருடைய இடது கை மடியிலிருந்து எழுந்து நின்றது. நான் மேடையைப் பார்த்தேன். அங்கே இருந்தவர் அப்போதுதான் பக்கம் புரட்ட எழுந்துகொண்டிருந்தார்.

கேட்கிறதே இல்லை என்று சொன்னவர் இவர்தான்.

அன்று நான் தூங்கவில்லை.