இதயத்துக்கு என்று நான் சொல்லிய மாத்திரை

முதல் அறிகுறி நெஞ்சுவலி அல்ல. பெத்தாங்க் திடலில் (இரும்புக் குண்டு எறிந்து ஆடும் ஆட்டம்) என் முறை வந்தபோது எழுந்துகொள்ள விருப்பமில்லை. எவர் வென்றால் என்ன என்று தோன்றியது. கல்லூரியில் இயற்பியல் கற்பித்தவன் நான். அதைக் களைப்பு என்றே வகைப்படுத்தினேன்.

“என்னா முசியே, உங்க குண்டு பாதி வழியிலயே குந்திக்கிச்சி?” என்று சிரித்தார் பஷீர் பாய். முசியே என்றால் எங்கள் ஊர்ப் பிரெஞ்சில் ஐயா. அவர் மருந்துக்கடை நடத்தி ஓய்ந்தவர். என் ஆட்டக் கூட்டாளி.

சில மாதங்களில் மாரடைப்பு வந்தது. ஸ்டென்ட் (அடைபட்ட நாளத்தை விரித்துப் பிடிக்கும் வலைக்குழாய்) வைத்தார்கள். பார்க்க வந்தோரிடம் அதைப் பற்றி விரிவாகவே பேசினேன். மாரடைப்பு கௌரவமான நோய்.

மறுபரிசோதனையில் இதய மருத்துவர் தூக்கம், பசி, ஆர்வம் குறித்து விசாரித்தார். யாவும் ஒழுங்காக உள்ளன என்றேன்.

“பொய்யி டாக்டர்,” என்றாள் என் மனைவி திலகம். “சோறு வச்சா சோத்தப் பாக்குறாரு. எடுத்துட்டா செவுத்தப் பாக்குறாரு.”

மருத்துவர் விளக்கினார். மனச்சோர்வு நோயில் கார்டிசால் (நெருக்கடியில் சுரக்கும் ஹார்மோன்) அடங்காமல் சுரக்கலாம்; நாளங்களில் அழற்சி மிகலாம்; தட்டணுக்கள் (இரத்தத்தை உறையச் செய்பவை) எளிதில் ஒட்டிக்கொள்ளலாம். அடிபட்ட இதயமும் மனத்தை வீழ்த்தக்கூடும்.

மனநல மருத்துவரிடம் செல்ல மறுத்தேன். அந்த வாசலில் பழைய மாணவர் எவரேனும் என்னைக் கண்டுவிட்டால்? இறுதியில் இதய மருத்துவரே மனச்சோர்வுக்கு ஒரு மாத்திரை எழுதினார்.

“இதயத்துக்கு என்று சொல்லிக்கொள்ளலாமா?”

“அதுக்கும்தான் சார் இது.”

நலம் விசாரிக்க வந்த பஷீர் பாய், தலையணைக்கடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த மாத்திரை அட்டையைப் பார்த்தார். கடைக்காரர் கண் அல்லவா?

“ஸ்டென்ட் வச்சத தெருவுக்கே சொன்னீங்க. இத மட்டும் ஏன் முசியே ஒளிக்கிறீங்க?”

அட்டையை இன்னும் உள்ளே தள்ளினேன். அன்றே, எவரிடமும் கூறாமல், அம்மாத்திரையை நிறுத்திவிட்டேன். சுவர் மீண்டும் என்னெதிரே வந்து நின்றது. பிறகு மீண்டும் நெஞ்சு இறுகியது. மீண்டும் அதே மருத்துவமனை.

“நிறுத்தியதாலா?” என்று மருத்துவரைக் கேட்டேன்.

“அடிச்சி சொல்ல முடியாது சார். நிறுத்தாம இருந்திருக்கலாம்.”

என்னைப்போல் இருப்பவர்களுக்கு நான் தரக்கூடிய உறுதி ஏதுமில்லை. இப்போது திலகம் அம்மாத்திரையை எல்லார் கண்ணெதிரிலும் என் உள்ளங்கையில் வைக்கிறாள், விழுங்குகிறேன். பலன் தெரிய வாரங்களாகும் என்கிறார்கள். வாரம் என்பது எவ்வளவு நீளம் என்பதை என்னால் முன்போல் உணர முடிவதில்லை.

மாலையில் என்னைத் திடலோரம் உட்காரவைக்கிறார்கள். குண்டுகள் மோதும் ஓசைக்கிடையே நெஞ்சில் ஒரு துடிப்பு தவறுகிறது. அது இதயமா, துக்கமா? கையை வைத்துப் பார்க்கிறேன். இரண்டும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன.