சீதன எருமை

செங்கலடியில் பஸ் ஏறியவர், என் மடியிலிருந்த கறுப்புக் கோட்டைக் கண்டதும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தலை முழுக்க நரை. மீசைக்கு மட்டும் மை. ஒவ்வொரு கேள்விக்கு முன்பும் சேட்டின் மேல் பொத்தானைப் பூட்டுவார், பதில் கிடைத்ததும் கழற்றிவிடுவார்.

“சேர், எருமை வட்டைக்குள்ள இறங்கி நெல்லத் திண்டா சிவிலா, கிரிமினலா?”

“வேணுமெண்டு அவிட்டுவிட்டா கிரிமினல். தானா வந்தா, நட்டஈடு கேட்டு சிவில். எருமை ஆர்ட?”

“பொஞ்சாதிட சீதனம். வயல் என்ட.”

“அப்ப பொஞ்சாதிக்கு எதிராவா வழக்கு?”

“சீச்சீ! எருமைக்கு எதிரா.”

முன் சீட்டிலிருந்த பெண் திரும்பினார். “சேர், என்ட எருமையக் கட்டாம விட்டதே இந்த மனிசன்தான். அது எந்தக் கேஸ்?”

அவர் மெல்லப் பொத்தானைப் பூட்டினார். “அவ கேக்கிறதும் நியாயம்தானே. சொல்லுங்க, சேர்.”

கோர்ட்டில் எத்தனையோ பேரைக் கண்டிருக்கிறேன். தனக்கு எதிரான கேள்விக்கும் பொத்தானைப் பூட்டியவர் அவர் ஒருவர்தான்.