பங்க் டேங்கைத் தோண்டிய நாள்

ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில், எங்கள் வீட்டுச் சுவரை ஒட்டி ஒரு பெட்ரோல் பங்க் இருந்தது. கல்யாணத்துக்கு வெகு நாள் முன்பிருந்தே அப்பா அங்கேதான் வண்டிகளுக்கு பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தார். சாலையை அகலப்படுத்தியபோது பங்க்கை மூடிவிட்டார்கள். அப்பா கார் பாகங்கள் செய்யும் கம்பெனிக்கு ஷிஃப்ட் வேலைக்குப் போனார்.

எங்கள் கிணற்றுத் தண்ணீரில் பெட்ரோல் வாசனை வருகிறது என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தாள். கல்யாணமாகி வந்த புதிதில் அவள் அப்படிச் சொன்னபோது, வாசனை தன் மேலிருந்துதான் வருகிறது என்று நினைத்து அப்பா சோப்பு கரையக் கரையக் குளிப்பாராம். பங்க் மூடிய பிறகும் அவள் அதையே சொன்னதில் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. மசக்கையில் பிடித்த கிறுக்கு இன்னும் விடவில்லை என்றாள் அத்தை. வல்லக்கோட்டை முருகனிடம் வேண்டிக்கொள்ளவும் சொன்னாள். அம்மா போய் வேண்டிக்கொண்டாள். மறுநாளிலிருந்து பள்ளிக்கூடத்துப் பக்கம் இருந்த தெருக்குழாயில் தண்ணீர் பிடித்துச் சுமந்து வந்தாள். அப்பா அந்தக் குடத்தைத் தொடமாட்டார். வீம்புக்குக் கிணற்றுத் தண்ணீரையே குடிப்பார். நான் யார் பக்கம் என்று தெரியாமல், அம்மா பார்க்கும்போது குடத்திலும் அப்பா பார்க்கும்போது கிணற்றிலுமாகக் குடித்துவந்தேன். எனக்கு இரண்டும் தண்ணீராகத்தான் இருந்தன.

நான் மூன்றாவது படிக்கும்போது பங்க்கைத் தோண்ட ஆட்கள் வந்தார்கள். தரைக்கு அடியில் டேங்க் இருக்கிறது என்றார்கள். எனக்குத் தெரிந்த டேங்க்குகள் எல்லாம் மொட்டை மாடியில்தான் இருந்தன. அன்றைக்கு யாரும் அடுப்பு பற்றவைக்கக் கூடாதென்று வீடு வீடாக வந்து சொன்னார்கள். பிறகு ஏதோ ஐஸைக் கொண்டுவந்து டேங்குக்குள் கொட்டினார்கள். வெள்ளை வெளேரென்று புகை கிளம்பியது. தீப்பிடிக்காமல் இருக்கத்தான் அந்தப் புகை என்றார் ஒருவர். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கிரேன் தூக்கியபோது டேங்கின் அடிவயிறு துருவேறிப் பொத்தல் பொத்தலாக இருந்தது.

மண்ணைப் பரிசோதிக்க ஓர் அக்கா வந்திருந்தார். தெற்கத்திப் பேச்சு. குழியின் ஓரங்களிலிருந்து மண்ணை எடுத்துக் கண்ணாடிப் பாட்டில்களில் அடைத்தவர், பக்கத்தில் கிணறு ஏதும் உண்டா என்று கேட்டார். கூட்டம் மொத்தமும் அம்மாவைப் பார்த்தது. எங்கள் கிணற்றில் ஒரு வாளி சேந்தி முகர்ந்து பார்த்த அக்கா, இனிமேல் இதைக் குடிக்கவும் வேண்டாம், சமைக்கவும் வேண்டாம் என்றார்.

அப்போதுதான் ஷிஃப்ட் முடிந்து வந்த அப்பா வாளிக்குள் குனிந்து முகர்ந்தார்.

“எனக்கு ஒண்ணும் தெர்லியே. வெறும் தண்ணியாத்தான கீது.”

அக்கா அவர் முன்பு என்ன வேலை பார்த்தார் என்று விசாரித்தார். பிறகு ஒரு மண் பாட்டிலைத் திறந்து அவர் மூக்கருகே நீட்டினார். தள்ளி நின்ற அம்மாகூட முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அப்பா இழுத்து இழுத்து முகர்ந்துவிட்டு, இல்லையென்று தலையை ஆட்டினார்.

“பெட்ரோல் பக்கத்துலயே வருசக்கணக்கா நின்னிருக்கீக. மூக்கு மரத்துப் போயிருக்கும்ணே” என்றார் அக்கா.

அம்மா ஜெயித்துவிட்டாள், இனி அப்பாவை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள் என்று காத்திருந்தேன். அவளோ உள்ளே போய்த் தன் குடத்திலிருந்து ஒரு சொம்பு தண்ணீர் மொண்டு வந்து அப்பாவிடம் கொடுத்தாள்.

“நீ வேணும்னே சொல்றன்னு நெனச்சிக்கினு இருந்தேன்” என்றார் அப்பா.

“நானும்தான். பங்க்காரங்கள வுட்டுக்குடுக்காம பேசுறீங்கன்னு நெனச்சேன்.”

அப்பா சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். சட்டென்று இருவரும், அந்தப் பங்க் சுவரோரமே பிறந்து வளர்ந்த என்னைப் பார்த்தார்கள். அம்மா அந்த அக்காவின் கையிலிருந்த பாட்டிலை வாங்கி என் முகத்தருகே கொண்டுவந்தாள்.

“உனக்கு வாசன வருதா?”

குப்பென்று வந்தது. ஆனால் அத்தனை பேருக்கு நடுவில் அப்பா மட்டும் தனியாக நிற்பதுபோல் இருந்தது. அவருக்குத் துணையாக ஒருவராவது வேண்டாமா?

“வரல” என்றேன்.

அம்மா பாட்டிலை நழுவவிட்டு என்னை வாரி அணைத்துக் கதறினாள். அப்பாவாவது சந்தோஷப்படுவார் என்று அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். அவர் தோண்டிப் போட்டிருந்த மண்மேட்டில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டிருந்தார். அவர் பக்கம் சேர்ந்ததற்கு அவர் ஏன் அழவேண்டும் என்று எனக்குப் புரியவில்லை.