தாடை எலும்புக்காக ஒரு மன்றாட்டு

போன தவக்காலத்தில் ஒரு காலை, வாய் கொப்பளித்துக்கொண்டிருந்த அப்பா என்னைக் கூப்பிட்டார். டார்ச் அடித்துப் பார்த்தேன். கீழ் ஈறு விலகி, தாடை எலும்பு வெளியே தெரிந்தது. சீழ் வாடை.

அப்பா சாந்தோமில் ஆட்டோ ஓட்டுகிறார். மூன்று வருடத்துக்கு முன் வாயில் புற்றுநோய் வந்து, கதிர்வீச்சு சிகிச்சையில், அப்பா பாஷையில் 'கரண்டு' வைத்து, குணமானார். யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு வரன் பார்க்கும் நேரம். தெரிந்தால் கல்யாணம் தடைபடும் என்று அம்மா பயந்தார். மறைத்து மறைத்து அதுவே பழகிவிட்டது. பல் வலிக்காக மயிலாப்பூரில் பல் மருத்துவரிடம் போனபோது, "முன்னாடி ஏதாவது வியாதி இருந்துதா?" என்று அவர் கேட்டிருக்கிறார். "ஒண்ணும் இல்ல டாக்டர்" என்றாராம் அப்பா. பல்லைப் பிடுங்கினார்கள். குழி ஆறவே இல்லை.

தி.நகரில் ஒரு தனியார் மருத்துவமனையில் விளக்கினார்கள். கதிர்வீச்சு பட்ட எலும்பில் ரத்த ஓட்டம் குறைந்துவிடும். அங்கே பல் பிடுங்கினால் புண் ஆறாமல் எலும்பே செத்துப்போகலாம். தாடையை வெட்டிவிட்டு, காலிலிருந்து எலும்பு எடுத்து வைக்க வேண்டும் என்றார்கள். கேட்ட தொகை என் இரண்டு வருடச் சம்பளத்துக்கும் மேல்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பட்டம் வாங்கியவள். ரிப்போர்ட்டின் ஒவ்வொரு வரியும் எனக்குப் புரிந்தது. புரிந்ததால்தான் பயம் கூடியது. "ஆண்டவரே, ஒரு வழி காட்டும்" என்று அழுதேன்.

அந்த ஞாயிறு எங்கள் தெருவின் அன்பியக் கூட்டம். ஒரு வீட்டில் கூடி, ஒவ்வொருவரும் தங்கள் மன்றாட்டைச் சத்தமாகச் சொல்லிச் செபிப்போம். நான் வழக்கம்போல "குடும்ப நலனுக்காக" என்று முடித்துக்கொண்டேன். அப்பா எழுந்தார். அம்மா அவர் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"எனக்கு வாய்ல கேன்சர் வந்து கரண்டு வச்சாங்க. இப்ப தாடை எலும்பு செத்துக்கினு வருது. எனக்காக வேண்டிக்கோங்க."

செபம் முடிந்ததும் ஸ்டெல்லா அக்கா நேரே வந்தார். அரசு பல் மருத்துவமனையில் செவிலியராக இருப்பவர்.

"இன்னாண்ணே, இத்தப் போயி மறைச்சிக்கினு இருந்தியா? நான் இன்னாத்துக்குக் கீறேன்? காலைல வண்டிய எடு, நானும் வர்றேன்."

"சவாரிக் காசு குடுப்பியா ஸ்டெல்லா?"

"மொதல்ல வாயத் தொறந்து காட்டு, அப்பால மீட்டரப் போடு!"

அம்மா அழுதுகொண்டே சிரித்தார்.

மறுநாள் ஸ்டெல்லா அக்காவின் மருத்துவமனையில் டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். பாதிப்பு தாடையின் கீழ் விளிம்பு வரை போயிருந்தால் வெட்டத்தான் வேண்டும். இல்லையென்றால் மருந்தில் முயலலாம். வெளியே செபமாலையோடு உட்கார்ந்தேன். சிறுவயதிலிருந்து சொல்லும் செபம் பாதியில் மறந்துபோனது. "காப்பாற்றும், காப்பாற்றும்" என்பது மட்டுமே வந்தது.

கதவைத் திறந்துகொண்டு டாக்டர் வந்தார். "கீழ் விளிம்பு நல்லா இருக்கும்மா."

அங்கேயே முழந்தாளிட்டேன்.

பல மாதம் மாத்திரைகள். பிறகு செத்த துண்டை மட்டும் எடுத்தார்கள். அரசுக் காப்பீட்டு அட்டையிலேயே செலவு முடிந்தது. எலும்பை மூடி ஈறு வளர்ந்துவிட்டது. இன்றும் அப்பாவுக்கு வாய் இரண்டு விரல் அளவுதான் திறக்கும். குழைந்த சோறுதான் சாப்பிடுகிறார். ஆனால் அது அவருடைய சொந்தத் தாடை. ஆட்டோவும் ஓட்டுகிறார்.

விஷயம் தெரிந்து ஒரு வரன் நின்றுபோனது. போகட்டும். என் அப்பாவைக் குறையாகப் பார்க்கும் வீட்டுக்குள் போகாமல் காத்த ஆண்டவருக்கு அதற்கும் நன்றி.

அன்பானவர்களே, கதிர்வீச்சு சிகிச்சை எடுத்திருந்தால் பல் மருத்துவரிடம் அதை முதலில் சொல்லுங்கள். ஆண்டவரிடமும் நோயின் பெயரைச் சொல்லியே கேளுங்கள். அவர் அனுப்பும் ஆள் உங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கலாம். அந்த ஆளின் காதிலும் விழும்படி செபியுங்கள்.