ஏழு வகைப் புத்தியும் ஒரு டேப் ரெக்கோடரும்

ஒரே மண்டபத்தில், நடுவில் ஒரு தட்டிகூட இல்லாமல், ஐந்து வகுப்புக்குப் பாடம் நடத்தித் தொண்டை கட்டிப்போன டீச்சர்மாரே, இது உங்களுக்குத்தான்.

கொழும்பில் டிவி வந்துவிட்ட காலத்தில் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கு ஒரு டேப் ரெக்கோடர் வந்தது. அதை வைத்துப் பாடம் நடத்துவது எப்படி என்று கொட்டகலையில் ஒருநாள் வகுப்பு. புத்தி என்பது ஒன்றல்ல. பேச்சு, கணக்கு, படம், பாட்டு, உடம்பு, பிறரைப் புரிவது, தன்னைப் புரிவது என்று ஏழு வகை. பிள்ளைக்கு எது கைவருகிறதோ அந்த வழியாகப் பாடத்தைக் கொண்டுபோங்கள் என்றார் வகுப்பெடுத்த சேர். பஸ்ஸில் திரும்பும்போது எனக்கு ஒரே முகம்தான் நினைவில். செல்வி. நாலாம் வகுப்பில் இரண்டாம் வருஷம். இரண்டெழுத்துச் சொல்லுக்கே திணறுவாள். இந்தத் தவணையும் வாசிக்காவிட்டால் கொழும்பில் ஒரு வீட்டு வேலைக்கு அனுப்பப்போவதாக அவள் அம்மா மாரியாயி அக்கா சொல்லியிருந்தார். விடுவதில்லை என்று இருந்தேன்.

வீட்டில் பதிந்த பாடம்

பள்ளியில் ஒரே இரைச்சல் என்று, லயத்து வரிசை வீடுகளில் ஒன்றான என் வீட்டிலேயே பாடத்தைப் பதிந்தேன். மறுநாள் அதைப் போட்டு, கேட்பதை அப்படியே எழுதச் சொன்னேன். "தேயிலை மலையில் வளரும்" என்று என் குரல் கணீரென்று வந்தது. அடுத்து என் இரண்டு வயது மகன்: "அம்மா, சூச்சு!" பின்னாலேயே நான்: "ஐயோ, பாய்ல வேணாம்டா!"

வகுப்பே குனிந்து எழுதிக்கொண்டிருந்தது. முன்வரிசை முருகேசு மட்டும் தலையைத் தூக்கினான்: "டீச்சர், தம்பி பாய்லதான் போனானா? அதையும் எழுதணுமா?"

சுருளைப் பார்த்தவள்

ஒரு கசெட்டில் எட்டுப் பாடம். வேண்டியதைத் தேடி முன்னால் ஓட்டி, பின்னால் ஓட்டி, பாதி நேரம் போய்விடும். ஒருநாள் செல்வி பக்கத்தில் வந்து நின்று கசெட்டின் சின்னக் கண்ணாடியைப் பார்த்தாள். "இன்னும் கொஞ்சம்... இப்ப நிப்பாட்டுங்க." பாடம் சரியாக அங்கேயே தொடங்கியது. மறுநாளும் அப்படியே. சுருள் எவ்வளவு தடித்திருந்தால் எந்தப் பாடம் என்று கண்ணால் அளந்து வைத்திருக்கிறாள்!

இவளுக்குப் படப் புத்தி என்று தலைமையாசிரியரிடம் ஓடினேன். பெரிய சேர் வரவு இடாப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை: "அப்ப டேப் ஓட்டத் தெரியும். வாசிக்கத் தெரியுமா?"

மூணாம் நம்பர் மலைக்கு வழி

அந்தக் கேள்வி என்னை உசுப்பிவிட்டது. செல்வியிடம், லயத்திலிருந்து அவள் அம்மா கொழுந்து பறிக்கும் மூணாம் நம்பர் மலைக்கு வழியை வரையச் சொன்னேன். தண்ணி பிடிக்கும் பீலி, கைக்குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக்காம்பரா, கோயில், மேடு எல்லாம் அதனதன் இடத்தில் வந்தன. வழியை அவள் வாயாலேயே சொல்லச் சொல்லிப் பதிந்தேன். சொன்ன சொற்களைப் படத்தில் அந்தந்த இடத்தில் எழுதினேன். தினமும் டேப்பை ஓட்டுவாள், நிறுத்துவாள், விரலை வைப்பாள். மூன்று வாரம் இதே கதை.

ஒருநாள் பெட்டரி செத்துப்போனது. குரல் நின்ற பிறகும் செல்வியின் விரல் நிற்கவில்லை. "பீலி... தாண்டி... கோயில்..." மேடு வரைக்கும் போய்விட்டுத்தான் நிமிர்ந்தாள்: "என்னா டீச்சர், டேப்பு நின்னுருச்சா?"

கொழும்புக் கடிதம்

பிறகு அதே எழுத்துகளைக் கலைத்துப் புதுச் சொற்களும் எழுதி வாசிக்க வைத்தேன். தவணை முடிய இரண்டு வாரம் இருக்கும்போது மாரியாயி அக்கா பறித்த கொழுந்தை எடைபோட்ட கையோடு, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கு ஈரம் சொட்ட வந்து நின்றார். கையில் கொழும்பு வீட்டுக் கடிதம். "ஞாயித்துக்கெழம ஏத்தி விடணும். என்னா எழுதியிருக்குன்னு பாருங்க டீச்சர்." நான் பார்க்கவில்லை. செல்வியிடம் நீட்டினேன். இங்கே தடுக்கினால் எல்லாம் போச்சு.

விரல் ஊர்ந்தது. "பிள்ளையை... ஞாயிறு... அனுப்பவும்." அக்கா வாயைப் பிளந்தார். "தீபாவளிக்கு... வீட்டுக்கு... விட... முடியாது." அக்கா கடிதத்தைப் பிடுங்கி என்னிடம் காட்டினார். "மெய்யா டீச்சர்?" "ஆமாங்க, அப்படித்தான் இருக்கு." தீபாவளி, பொங்கலுக்கெல்லாம் அனுப்புவார்கள் என்று அந்த வேலையைப் பேசிவிட்ட தரகர் சத்தியம் பண்ணியிருந்தாராம்.

அக்கா கடிதத்தை மடித்து இடுப்பில் செருகி, மகளின் கையைப் பிடித்தார்: "திங்கக்கெழம ஸ்கூலுக்கு அனுப்புறேன் டீச்சர். அந்தாளு குடுத்த மத்த காயிதமும் வூட்ல கெடக்கு, எல்லாத்தையும் இவளே வாசிக்கட்டும்."

மொத்தத்தில் டீச்சர்மாரே, நமக்குச் சம்பளம் தருவது பாடம் நடத்துவதற்கு. நாம் பார்க்கிற உத்தியோகமோ, பிள்ளையை அடுத்த திங்கட்கிழமையும் வரவைப்பது.