ஆறு வருஷத்துத் திங்கட்கிழமைகள்

உதியன்குளங்கரைப் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு நடத்தும் ஜினி டீச்சருக்கு ஏழு மாதமாகச் சம்பளம் வரவில்லை. கேட்கப் போனபோது, பள்ளியின் சொந்தக்காரரும் மேனேஜருமான சுந்தரதாஸ் சிரித்துக்கொண்டே, நியமன ஆணை இருந்தால் காட்டச் சொன்னார். யாருக்கும் அப்படியொரு தாளைக் கொடுக்காதவர் அவர்தான். டீச்சர் சேவை செய்ய வந்தவராம், இதுவரை தந்ததெல்லாம் அன்பளிப்பாம். சேவை என்று சொல்லி அடுத்தவர் உழைப்பைத் தின்று கொழுப்பவர்களுக்கு நாட்டில் பஞ்சமே இல்லை.

கூட வேலை பார்க்கும் ஷீனா, சபையில் ஜெபிக்கச் சொல்லலாம் என்றாள்.

“ஜெபத்துக்கு ரசீது தரமாட்டாவ மக்கா. நான் நெய்யாற்றின்கரைக்குப் போயிட்டு வாறேன்,” என்றாள் ஜினி.

அங்கே வக்கீல் கிருஷ்ணப்ரியா நிதானமாகக் கேட்டுக்கொண்டார். ஆணை இல்லாவிட்டாலும் வேலை பார்த்ததை வேறு வழியில் நிரூபிக்கலாம்; முதலில் நோட்டீஸ், பிறகு தொழிலாளர் அலுவலகத்தில் புகார், அதற்கும் அசையாவிட்டால் கோர்ட் என்றார். “பள்ளிக்கூட சீல் பதிஞ்ச தாள் எதாவது உண்டா டீச்சர்?”

ஜினிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வாரப் பாடத்தை முன்கூட்டியே எழுதும் குறிப்பேட்டில் திங்கட்கிழமைதோறும் தலைமையாசிரியர் கையெழுத்திடுவது வழக்கம். சுந்தரதாஸுக்கோ சீல் குத்துவதில் தனி இன்பம். அந்த வேலையைத் தானே பிடுங்கிக்கொண்டு, கையெழுத்தும் தேதியும் போட்டு, கீழே இரண்டு வரி உபதேசமும் எழுதுவார். ஆறு வருஷத்தில் ஒரு வாரம்கூடத் தவறவிட்டதில்லை.

விசாரணையன்று தொழிலாளர் அலுவலகத்தில், ஜினி எப்போதாவது வந்துபோகிறவர் என்று சுந்தரதாஸ் சொல்லி முடித்தார். ஜினி ஆறு வருஷத்துக் குறிப்பேடுகள் பதினெட்டையும் மேசையில் அடுக்கினாள். அதிகாரி ஒன்றைப் பிரித்து, ‘மாலை வகுப்பையும் தினமும் எடுக்கவும்’ என்ற வரியை உரக்க வாசித்து, யார் எழுதியது என்று கேட்டார்.

“நானாக்கும்,” என்றார் சுந்தரதாஸ். குரல் மேசைக்கு அடியிலிருந்து வந்தது.

இரண்டு வாரத்தில் பாக்கி முழுதும் வங்கிக்கு வந்துவிட்டது. அதிகாரி கொடுக்கச் சொல்லியிருந்த நியமன ஆணையை வாங்க ஜினி மேனேஜர் அறைக்குப் போனபோது, வாசலில் ஷீனாவும் இன்னும் மூன்று டீச்சர்களும் தங்கள் குறிப்பேடுகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஜினி சுந்தரதாஸ் கொடுத்த தாளை நிதானமாக வாசித்துவிட்டு, அவரிடமே திருப்பி நீட்டினாள்.

“சேர்ந்த வருஷத்த ஒண்ணு பிந்திப் போட்டிருக்கு சாரே. திருத்தித் தாருங்க. நான் இருக்கேன்.”

நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.